காட்பாடியில் திறந்துகொண்ட பெட்டி

காட்பாடி ஜங்ஷனில், கூட்டமான ஒரு காலை நேரத்தில், என் நைனாவின் கோவணங்கள் பிளாட்பாரமெங்கும் சிதறிக் கிடந்தன. அவை சுத்தமாகத் துவைத்து மடித்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விஷயத்தில் அம்மா ரொம்பக் கண்டிப்பு.

நாங்கள் சோளிங்கர் மலையேறி நரசிம்மரைச் சேவித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வேலூர். பிரசாதத்தை அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு ஆம்பூர் போகலாம் என்று நைனா சொன்னதால் காட்பாடியில் இறங்கினோம். எங்களை அழைத்துப்போக மாப்பிள்ளையே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

கூலி ஆள் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். ஓங்கிக்கூட வைக்கவில்லை. பெட்டி வாயைப் பிளந்தது. வேட்டிகள், பஞ்சாங்கம், புளியோதரைப் பொட்டலம், அதன்பின் மேற்படி வஸ்திரங்கள். அவற்றில் ஒன்று ரயில்வே கார்டின் பூட்ஸ் மேல் போய் விழுந்தது. அவர் தன் கொடிக் குச்சியால் அதைத் தூக்கி, மிகவும் மரியாதையாக நைனாவிடம் நீட்டினார்.

மானம் கப்பலேறும் என்பார்கள். எங்களுடையது கப்பல் வரைக்கும் காத்திருக்கவில்லை, காட்பாடியிலேயே இறங்கிவிட்டது.

இதில் சங்கடம் என்னவென்றால், அந்தத் தோல் பெட்டியைச் செய்தவரே மாப்பிள்ளைதான். நிச்சயதார்த்தத்தின்போது தன் கையால் செய்து மாமனாருக்கு மரியாதையாகக் கொடுத்தது. வேலூரில் அவர் குடும்பத்துக்குப் பெட்டி செய்வதே தொழில்.

எல்லோரும் துணிகளைப் பொறுக்கினோம். அவர் மட்டும் பொறுக்கவில்லை. பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, மூடியைப் பிடித்துக்கொள்ளும் பித்தளைக் கொண்டியைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் கிளம்பிப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. வீடு பற்றி எரிந்தால் இந்த மனுஷன் தீக்குச்சி எந்த ஊரில் செய்தது என்று பார்த்துக்கொண்டிருப்பார் என நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவரைப் பிடிக்கும்.

நைனா எங்களை வேலூருக்கு அழைத்துப்போகவில்லை. பிரசாதத்தைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வண்டிக்கு ஆம்பூர் டிக்கெட் எடுத்தார். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. வாணியம்பாடிக்குப் போகிற ஒரு பெரியவர் என்ன விசேஷம் என்று கேட்ட பிறகுதான் திறந்தார்.

"பொட்டி வாய மூட வக்கில்ல. இவன் என் பொண்ண இன்னா காப்பாத்தப் போறான்?"

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது.

பெயர் கேட்ட வாசகருக்கு

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகர், இந்தத் தொடரில் உங்கள் வீட்டுக்காரர் பெயரே வரவில்லையே என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் வாயால் சொல்லாத பெயரை இப்போது அச்சிலா போடுவேன்? வேலூர்க்காரர் என்றே எழுதுகிறேன். வீட்டிலும் அப்படித்தான்.

இன்னொருவர் இதெல்லாம் எந்த வருஷம் என்று கேட்கிறார். காசில் ஜார்ஜ் ராஜாவின் தலை இருந்தது, மோட்டார் பஸ் வந்தால் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

சனிக்கிழமை எண்ணெய்

நைனாவைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கொண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவர் ஆம்பூரில் ஒரு ஸாயபுவின் தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் தோல் ஷாப்பு என்போம். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோல் எப்போது எடுக்கப் பதம் என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவார். ஊர் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடத்தில், மூக்கை வைத்தே பிழைத்த மனுஷன். அந்த மூக்குக்குப் பொடி வேறு. அம்மாவுக்குப் பொடி வாடை ஆகாது. டப்பாவைக் கண்டால் எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிடுவாள். ஆகவே நைனா டப்பாவை மறைப்பதும் அம்மா அதைக் கண்டுபிடிப்பதும் எங்கள் வீட்டில் ஓயாமல் நடந்த வேலை.

பதனிட்ட தோலுக்குப் புங்கெண்ணெய் தடவுவார்கள். இல்லாவிட்டால் அது காய்ந்து வெடிக்கும். ஷாப்பில் செய்வது போதாதென்று நைனா வீட்டிலும் செய்தார். சனிக்கிழமையானால் தனக்கு நல்லெண்ணெய், தோலுக்குப் புங்கெண்ணெய். செருப்பு, இடுப்பு வார், ஜட்காக்காரர் கொடுத்துவைத்த குதிரைச் சேணம், எல்லாவற்றுக்கும் வரிசையாக எண்ணெய்க் குளியல் நடக்கும். தோலுக்கு எண்ணெய் காட்டாதவன் பெற்ற பிள்ளைக்குச் சோறு போடாதவன் என்பது அவர் சித்தாந்தம். எங்களுக்கு ஒருவேளை சோறு பிந்தியதுண்டு. செருப்புக்கு எண்ணெய் பிந்தியதில்லை.

மாப்பிள்ளை கொடுத்த பெட்டியின் தோல் நைனாவின் ஷாப்பிலேயே பதனிட்டது. சும்மா விடுவாரா? வாரா வாரம் மூடி, மூலை, அடிப்பக்கம் என்று வழிய வழியத் தடவினார். கொண்டியின் மேலும் தடவினார். பாரபட்சம் பார்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

கரீம் பாயின் பேஜார்

கல்யாணத்தை நிறுத்துவதாக நைனா சொல்லவில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பினார். எங்கள் பக்கத்தில் அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கொண்டுபோனவர் கரீம் பாய். ஷாப்பு வேலையாக வாராவாரம் பாசஞ்சர் ஏறி வேலூர் போய்வருவார். நைனாவுக்குச் சின்ன வயதுத் தோஸ்த். நைனாவிடம் எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள், ஆனால் நைனா அந்தப் பக்கம் போன பிறகுதான் பேசுவார்.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. பழைய கொண்டியில் மூடியை அழுத்தினால் ஒரு நாக்கு உள்ளே போய்க் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும். அந்த நாக்கைத் தள்ளிப் பிடிக்க உள்ளே ஒரு வில். வேலூர்க்காரர் வில் வலுவாயில்லை என்று நினைத்து, அதைவிட முரட்டு வில்லாகப் போட்டு அனுப்பியிருந்தார். நைனா அழுத்திப் பார்த்தார். துப்பாக்கி மாதிரிச் சத்தம் கேட்டது. திருப்தியாகத் தலையசைத்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி ஸாயபு வீட்டில் நிக்காஹ். நைனாவின் சரிகை வேட்டி பெட்டிக்குள். இந்தத் தடவை பெட்டி திறக்கவில்லை. தட்டினார், குலுக்கினார், முழங்காலை வைத்து அழுத்தினார். கடைசியில் ஷாப்புக்குக் கட்டுகிற வேட்டியோடு பிரியாணிக்குப் போய்வந்தார். பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்ததாம்.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார். குடியாத்தத்தில் ஒரு வரன் இருக்கிறது, கைலி வியாபாரம், நல்ல இடம், ஆடி முடிந்ததும் பேசி முடித்துவிடலாம் என்றார். குடியாத்தத்துக்காரரைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். கெட்டவர் இல்லை. தன் வயிற்றைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது, எது எவ்வளவு நேரம் கழித்துத் தெரியும் என்று எங்கள் அத்தையிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமைப் புளி

பெட்டியைத் திறக்கிற வேலை என்னிடம் வந்தது. கத்தியை விட்டு நெம்பினேன். நாக்கு வெளியே வந்ததும் பார்த்தால் அதன் இடுக்கெல்லாம் பச்சைப் பசேலென்று மெழுகு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்தேன். புங்கெண்ணெய்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் தேய்க்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். பித்தளையில் எண்ணெய் நின்றால் களிம்பு ஏறும். புளி போட்டுத் தேய்த்தால் போகும். நைனா ஜென்மத்தில் விளக்குத் தேய்த்ததில்லை. வேலூர்க்காரர் தேய்த்திருக்கலாம், ஆனால் தன் பெட்டிக்கு ஆம்பூரில் சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல் நடக்கிற விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் தடவை நாக்கு களிம்பில் சிக்கி அரைகுறையாக மாட்டியிருக்கிறது. சத்தம் கேட்டதே தவிரப் பிடிக்கவில்லை, அதனால் காட்பாடியில் திறந்துகொண்டது. இரண்டாம் தடவை முரட்டு வில் நாக்கை உள்ளே தள்ளிவிட்டது, களிம்பு அதை அங்கேயே ஒட்டவைத்துவிட்டது. குற்றம் வில்லின் மேல் இல்லை. நைனாவின் பிரியத்தின் மேல்.

இதை நைனாவிடம் சொல்லலாம். எண்ணெயைக் குறை சொன்னால் அவரையே சொன்ன மாதிரி, பிறகு குடியாத்தம் இன்னும் சீக்கிரம் வந்துவிடும். வேலூர்க்காரருக்குச் சொல்லலாம். எப்படி? கல்யாணத்துக்கு முன் ஒரு பெண் மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுதினால் ஊர் ஒரு புராணமே எழுதும்.

பழைய வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்தேன். கொண்டியின் இடுக்கில் விட்டுத் துடைத்தேன். பச்சைக் களிம்பும் புங்கெண்ணெய் வாடையும் அதில் நன்றாக ஏறின. மடித்துப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மறுபடியும் கொண்டுபோக வந்த கரீம் பாயிடம், பெட்டியை வேலூர்க்காரர் கையிலேயே கொடுக்கச் சொன்னேன்.

கரீம் பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நைனா உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"இன்னாம்மா பேஜாரு இது? கல்யாணம் ஒனக்கா, இந்தப் பொட்டிக்கா? ரயில்ல நான் போனதவிட இது ஜாஸ்தி போய்டுச்சு."

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே பயம். வேலூர்க்காரர் அந்தத் துணியை அழுக்கென்று தூக்கிப் போட்டிருந்தால் நான் இன்றைக்குக் குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருவருடைய வயிற்றைப் பற்றித் தொடர் எழுதிக்கொண்டிருப்பேன்.

வில்லில்லாத கொண்டி

மூன்றாவது முறை பெட்டி வந்தபோது கொண்டியே வேறாக இருந்தது.

மாட்டைக் கட்டும்போது கயிற்றின் கண்ணிக்குள் ஒரு கட்டையை நுழைத்துக் குறுக்கே திருப்பிவிடுவார்கள் இல்லையா? மாடு இழுக்க இழுக்க அது இறுகுமே தவிர அவிழாது. அதே வேலைதான். பெட்டியின் மூடியிலிருந்து பித்தளைக் காது ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீளவாக்கில் ஒரு துவாரம். கீழே பெட்டியின் உடம்பிலிருந்து ஒரு தண்டு, அதன் தலையில் ஒரு குறுக்குக் கட்டை. கட்டையைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினால் மேலே இருக்கிற பள்ளத்தில் போய் உட்காரும். பெட்டி எவ்வளவு திமிறுகிறதோ அவ்வளவு அழுந்தி உட்காரும். திறக்க வேண்டுமானால் மூடியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு ஒற்றை விரலால் திருப்பினால் போதும். வில் இல்லை, நாக்கு இல்லை, களிம்பு போய் ஒளிந்துகொள்ள இடுக்கும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பித்தளைக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டுக் கொம்பைச் சீவிய மெல்லிய வில்லைகள். பித்தளை எங்கேயும் தோலைத் தொடவில்லை, தோலில் ஏறிய எண்ணெய் பித்தளைக்குப் போக வழியில்லை.

பெட்டிக்குள் என் துணி இருந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு பூகூட இல்லை, வைக்கத் தோன்றுகிற ஆளும் இல்லை. அந்தத் துணியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பாய்த்தான் இருக்கிறது.

நைனா பெட்டியை ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஈரத் தோல்களைத் திணித்து, மூடியின் மேல் இரண்டு ஆட்களை ஏறி நிற்கவைத்துக் கொண்டியை மாட்டினார். அப்புறம் தோல் உலர்த்துகிற மாடியிலிருந்து கீழே தள்ளச் சொன்னார். ஒரு மூலை நசுங்கியதாம், கொண்டி அசையவில்லையாம். இதெல்லாம் கரீம் பாய் பின்வாசல் வழியாக வந்து சொன்னது. கீழே ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமலே தள்ளிவிட்டார்கள் என்றும், அந்த ஆள் தான்தான் என்றும் சொன்னார்.

சாயங்காலம் நைனா பெட்டியோடு வந்தார். கொம்பு வில்லையை நகத்தால் நெருடிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம வீட்ல பொட்டிக்கு எண்ண தடவறது வேலூர்ல இருக்கறவனுக்கு எப்டித் தெரியும்?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு நிற்கிற வழக்கம் இல்லை.

"நான்தான் நைனா. களிம்பத் தொடச்சுத் துணிய உள்ள வெச்சு அனுப்ச்சேன்."

"அப்ப எண்ண தடவனது தப்பா?"

"தோலு நல்லாத்தான் இருக்குது. பித்தளதான் தாங்கல."

நைனா எழுந்து போய்ப் புங்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்தார்.

ஆடி மாசம்

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். நிச்சயத்துக்கு வந்த புடவையை என்னிடமிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். கொண்டியைத் திருப்பி மாட்டினார். பிறகு பெட்டி முழுவதும் எண்ணெய் தடவினார். கொண்டியின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தே ஊற்றிவிட்டார்.

அவருடைய தீர்ப்பு இதுதான். ஆடி முழுக்கப் பெட்டி அப்படியே இருக்கும், சனிக்கிழமை எண்ணெயும் நிற்காது. ஆவணி முதல் தேதி தன் ஒற்றை விரலுக்குத் திறந்தால் வேலூர். சுத்தியலை எடுக்க வேண்டி வந்தால், புடவையை வேலூருக்கே திருப்பி அனுப்பிவிட்டுக் குடியாத்தம். அதுவரை அந்த அறைக்குள் அவரைத் தவிர ஒருவரும் நுழையக் கூடாது. குறிப்பாக நான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊர் ஆடிக் காற்றில் ஆவாரம்பட்டைத் தூள்தான் பறந்தது. பாலாற்று மணலும் சேர்ந்து சோற்றில் வந்து விழுந்தது. எனக்கு ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கில் களிம்பைப் பார்த்தால் இரண்டு தடவை புளி போட்டுத் தேய்த்தேன். அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இன்ன காரியத்துக்கு என்று அம்மனிடம் விளக்குவதே கஷ்டமாயிருந்தது.

நைனா தினமும் காலையில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் தும்மல் சத்தம் கேட்கும். பெட்டிக்கு யாரோ மந்திரம் வைத்துவிடப் போவதுபோல் இந்த மனுஷன் காவல் காக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அம்மா அந்த மாசம் வீடு முழுக்கப் பொடி டப்பாவைத் தேடினாள். குதிர், உறி, கூரை இடுக்கு, மாட்டுக் கொட்டகை, ஓரிடத்திலும் அகப்படவில்லை. அவளுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

ஒற்றை விரல்

ஆவணி முதல் தேதி நைனா குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பெட்டியைக் கூடத்துக்குத் தூக்கிவந்தார். சாட்சிக்குக் கரீம் பாய். கொண்டியைச் சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

நைனா உள்ளங்கையால் மூடியை அமுக்கினார். ஆள்காட்டி விரலால் கட்டையைத் திருப்பினார். கதவு திறந்த மாதிரித் திறந்தது.

உள்ளே என் புடவை. புடவைக்கு மேல், நட்ட நடுவில், நைனாவின் மூக்குப்பொடி டப்பா.

எல்லோரும் அதைப் பார்த்தோம். முதலில் தும்மியவர் கரீம் பாய். அடுத்து நான்.

"ஒரு மாசமா இதுக்குள்ளதான் வெச்சிருந்தீங்களா?" என்றாள் அம்மா.

நைனா டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். தினம் காலையில் அந்த அறைக்குள் போய், ஒற்றை விரலால் பெட்டியைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, மறுபடியும் மூடியிருக்கிறார். ஆடி பிறந்த வாரத்திலேயே அவருக்கு எல்லாம் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்துகொண்டது.

"ஒரு மாசமா என் வயித்துல நெருப்பக் கட்டி வெச்சியே நைனா. அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"ஆடில ஏது முகூர்த்தம்?" என்றார் நைனா. "சொல்லி இன்னா ஆவப் போவுது?"

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. புடவையில் பொடி வாடை போகவே இல்லை. நலுங்கின்போது நான் தும்மிக்கொண்டேயிருந்ததை இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் சகுனம் பார்த்து ஆளுக்கொரு பலன் சொன்னார்கள்.

பெட்டியை மட்டும் நைனா கொடுக்கவில்லை. அது மாப்பிள்ளை எனக்குக் கொடுத்த மரியாதை, உனக்கெப்படி வரும் என்றார். ஒளித்த இடம் அம்மாவுக்குத் தெரிந்துபோனதால் அவர் அதன்பிறகு அதில் டப்பா வைக்கவில்லைதான், இருந்தாலும் விடவில்லை. எனக்குச் சந்தையில் ஒரு தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். பச்சைப் பெயின்ட், மூடியில் ஒரு தாமரைப்பூ.

புருஷன் வீட்டுக்குப் போகிற வழியில் காட்பாடியில் இறங்கினோம். கூலி ஆள் தகரப் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தான். ஓங்கிக்கூட வைக்கவில்லை. கொண்டி தெறித்து, என் துணிமணிகளெல்லாம் பிளாட்பாரத்தில் வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, கஞ்சி போட்டு மடித்த அந்த வெள்ளைத் துணி.

அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். கொண்டியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். கழுத்தில் தாலி ஏறி இரண்டு நாளாகியும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அப்போதுதான் நிமிர்ந்தார்.

"இத நான் செய்யல" என்றார்.

"தெரியுது" என்றேன்.